கண்ணாடி வாடகைக்குக் கிடைக்கும்

என் வண்டி பாஸாகிவிட்டது. அதுதான் என் புகார்.

ஆர்.டி.ஓ. ஆபீசைப் பற்றி எழுதுகிறவர்கள் வழக்கமாக, அலையவிட்டார்கள், காசு கேட்டார்கள், ஃபெயிலாக்கினார்கள் என்றுதான் எழுதுவார்கள். நானும் அலைந்தேன். காசும் கேட்டார்கள். என் வயிற்றெரிச்சல் அதில் இல்லை. 2009-இல் வாங்கிய 100 சிசி மோட்டார் சைக்கிள் ஒன்று, முன் பிரேக் கேபிள் இல்லாமல் அரசாங்கத்தின் முன்னால் போய் நின்றது. கேபிள் லூசாக இருந்தது, தேய்ந்திருந்தது என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். கேபிளே கிடையாது. பிரேக் லீவரைப் பிடித்தால் செத்துப்போன மீனின் வாலைப் பிடித்தது போல் இருக்கும். அரசாங்கம் அந்த வண்டியைச் சுற்றி ஒரு நடை நடந்தது, குனிந்தது, போட்டோ எடுத்தது. அப்புறம், 2029 வரை இது தாராளமாகச் சாலையில் ஓடலாம் என்று பதிவைப் புதுப்பித்துக் கொடுத்துவிட்டது.

நம் ஊரில் மோட்டார் வாகன ஆய்வாளரை யாரும் அந்தப் பெயரால் கூப்பிடுவதில்லை. லாரி டிரைவருக்கும், ஆட்டோக்காரருக்கும், பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவருக்கும் அவர் ‘பிரேக் இன்ஸ்பெக்டர்’. காரணமில்லாமல் ஜனங்கள் பெயர் வைப்பதில்லை. எந்தக் காலத்திலோ, எந்த ஊரிலோ, யாரோ ஒரு மனிதர் உண்மையிலேயே பிரேக்கை மிதித்துப் பார்த்திருக்க வேண்டும். அந்தப் புண்ணியவான் எந்த வருடம் ஓய்வு பெற்றார் என்று தெரிந்தால் அந்தத் தேதியில் ஒரு திதி கொடுக்கலாம்.

சட்டம் என்ன சொல்கிறது? 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டப்படி, சொந்த உபயோகத்துக்கு வைத்திருக்கும் வண்டியின் பதிவு 15 ஆண்டு செல்லும். பிறகு ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பிக்க வேண்டும். லாரிக்கும் பஸ்ஸுக்கும் ஆட்டோவுக்கும்தான் அடிக்கடி எஃப்.சி. என்கிற தகுதிச் சான்று. மோட்டார் சைக்கிளை முதல் 15 ஆண்டும் யாரும் கூப்பிட்டுப் பார்ப்பதில்லை. அந்த 15 ஆண்டில் அது பால் கேன் சுமக்கும், கேஸ் சிலிண்டர் சுமக்கும், புருஷன் பெண்டாட்டி இரண்டு பிள்ளைகள் என்று ஒரு ரேஷன் கார்டையே சுமக்கும். டயர் மொட்டையாகும், செயின் தொங்கும், பின் விளக்கு இருந்த இடத்தில் சிவப்புக் காகிதம் ஒட்டப்படும். ரோட்டோரமாக மடக்குகிற போலீஸ்காரர் ஹெல்மெட் கேட்பார், இன்சூரன்ஸ் கேட்பார். பிரேக்கைக் கேட்டதாக நான் கேள்விப்பட்டதில்லை.

பிரிட்டனில் மோட்டார் சைக்கிளுக்கு மூன்று வயதானதும் சோதனை ஆரம்பித்துவிடும். அப்புறம் வருடா வருடம். அங்கே மோட்டார் சைக்கிள்கள் அதிகமாகத் தேறாமல் போவது விளக்குக் கோளாறுகளால். அதுகூடப் பெரிதில்லை. எந்த வண்டியின் நம்பரை வேண்டுமானாலும் யார் வேண்டுமானாலும் தட்டி, அது எந்த வருடம் எந்தக் கோளாறில் ஃபெயிலானது என்று உட்கார்ந்த இடத்தில் பார்த்துக்கொள்ளலாம். நம்மிடமும் அப்படி ஒரு பதிவேடு வைத்தால் சுவாரசியமாகத்தான் இருக்கும். தேறாத காரணம்: நேராக வந்தது. தேறிய காரணம்: அடுத்த முறை நேராக வரவில்லை.

கட்டண விஷயத்தில் மட்டும் அரசாங்கம் கண்ணும் கருத்துமாக இருக்கிறது. 15 வயதான மோட்டார் சைக்கிளின் பதிவைப் புதுப்பிக்க 300 ரூபாயாக இருந்தது, 2022 ஏப்ரல் முதல் 1,000 ஆனது. தாமதமானால் மாதத்துக்கு 300. நான் மூன்று மாதம் தூங்கிவிட்டதில் 900 போயிற்று. இதற்கு மேல் பசுமை வரி என்று ஒன்று. கட்டிய அன்று சைலன்சரை எட்டிப் பார்த்தேன், புகை பழைய நிறத்தில்தான் வந்தது. 20 வயதைத் தாண்டிய மோட்டார் சைக்கிளுக்கு 2,000 என்று 2025 ஆகஸ்ட்டில் உயர்த்தியும் விட்டார்கள். 300 ரூபாய்க்குப் பார்க்காத பிரேக்கை 1,000 ரூபாய்க்கும் பார்க்கவில்லை. 2,000 ரூபாய்க்கு இன்னும் கொஞ்சம் மரியாதையோடு பார்க்காமல் இருப்பார்களோ என்னவோ.

கேபிள் எப்படிப் போயிற்று என்று சொல்ல வேண்டும். அதற்குப் பாய் கடைக்குப் போக வேண்டும்.

எங்கள் தெருமுனையில் வேப்பமரத்தடியில் இருப்பது பாயின் மெக்கானிக் கடை. போர்டு கிடையாது. மரத்தில் அறைந்த ஆணியில் பழைய ட்யூப்கள் தொங்கும், அதுதான் போர்டு. ஒரு ஞாயிற்றுக்கிழமை வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தி, எஃப்.சி.க்குப் போகணும் பாய் என்றேன். “அவங்க பார்க்கிறது அப்புறம் இருக்கட்டும் சார். முதல்ல நான் ஒரு எஃப்.சி. போடுறேன்” என்று வண்டியை நடு ஸ்டாண்டில் ஏற்றினார்.

அடுத்த ஒன்றரை மணி நேரம் நான் பார்த்ததுதான் வண்டிச் சோதனை. அதை விவரமாகச் சொல்லியாக வேண்டும். ஏனென்றால் அதற்குச் சம்பளம் வாங்குகிறவர்கள் யாரும் அதைச் செய்து நான் பார்க்கவில்லை.

முன் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டினார். ‘டொக்’ என்றது. பேரிங் போயிருந்தால் ஆட்டம் சக்கரத்தில் மட்டும் இருக்குமாம். கோன் செட் போயிருந்தால் ஃபோர்க்கும் சேர்ந்து ஆடுமாம். கண்ணை மூடிக்கொண்டு மறுபடி ஆட்டினார். “கோன் செட்.” ஹேண்டில்பாரை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை இரண்டு விரலால் திருப்பினார். நடுவில் வந்ததும் பள்ளத்தில் விழுந்த மாதிரி ஒரு நொடி நின்று போயிற்று. அந்தப் பள்ளம் நான் 15 வருடம் நேராக ஓட்டியதற்குக் கிடைத்த பரிசு. குண்டுகள் ஒரே இடத்தில் உட்கார்ந்து உட்கார்ந்து கிண்ணத்தில் குழி பறித்துவிட்டன. “இதோட போனா வண்டி நேராப் போகும் சார். திருப்பணும்னு நினைக்கும்போதுதான் யோசிக்கும்.”

செயினைத் தொட்டார். சும்மா ஓர் இடத்தில் தூக்கிப் பார்க்கிற ஆள் இல்லை. சக்கரத்தைச் சுற்றிச் சுற்றி, எந்த இடத்தில் இறுக்கம், எந்த இடத்தில் தொய்வு என்று பார்த்தார். செயின் எல்லாக் கண்ணியிலும் ஒரே மாதிரி தேய்வதில்லை. ஸ்பிராக்கெட் பற்கள் அரிவாள் முனை மாதிரி ஒரு பக்கமாய்ச் சாய்ந்திருந்தன. பின் பிரேக்குக்கு வந்தார். டிரம்முக்கு வெளியே ஒரு சின்ன அம்புக்குறி இருப்பதை 15 ஆண்டு கழித்து அன்றுதான் நான் பார்த்தேன். பிரேக்கை முழுசாக மிதிக்கும்போது அந்த அம்பு பக்கத்திலிருக்கும் கோட்டைத் தொட்டால் ஷூ தீர்ந்துவிட்டது என்று அர்த்தம். என் வண்டியில் அம்பு கோட்டைத் தாண்டி அந்தப் பக்கம் போயிருந்தது. “நட்டை முறுக்கி முறுக்கி ஓட்டியிருக்கீங்க” என்றார். உண்மைதான். ஷூ தேயத் தேய நட்டை முறுக்குவோம், பிரேக் பிடிக்கிற மாதிரி இருக்கும். உள்ளே இருக்கிற கேம் ஓர் அளவுக்கு மேல் திரும்பிவிட்டால் லீவர் சாய்ந்துபோய், எவ்வளவு அழுத்தி மிதித்தாலும் ஷூவுக்குப் பலம் போய்ச் சேராது. ரொம்பவும் தேய்ந்தால் கேம் புரண்டு சக்கரத்தையே பூட்டிவிடும். இந்தக் கோளாறைக் கண்டுபிடிக்க ஆகும் செலவு: குனிய வேண்டும்.

ஹெட்லைட் நின்றால் மின்மினி, முறுக்கினால் சூரியன். பின் பிரேக்கை மிதித்தால் சிவப்பு விளக்கு எரியவில்லை. ஸ்விட்சை இழுக்கிற ஸ்பிரிங் எப்போதோ அறுந்து விழுந்துவிட்டது. நான் நிற்கப்போகிறேன் என்பது எனக்கு மட்டும் தெரிந்த ரகசியமாக எத்தனை மாதம் ஓட்டினேனோ. பின் டயரைப் பற்றிப் பாய் ஒன்றும் சொல்லவில்லை, உள்ளங்கையால் ஒரு தடவு தடவி என் முகத்தைப் பார்த்தார். தலையைக் குனிந்துகொண்டேன்.

கடைசியாக முன் பிரேக். ஹேண்டில்பார் பக்கம் கேபிளின் உறையைப் பின்னுக்குத் தள்ளிக் காட்டினார். உள்ளே கம்பி துருப்பிடித்து இழை இழையாகப் பிரிந்து, லீவரில் மாட்டுகிற குண்டுக்குப் பக்கத்தில் நாலைந்து இழையில் தொங்கிக்கொண்டிருந்தது. கட்டிங் பிளேயரை எடுத்து ‘நறுக்’கென்று வெட்டிவிட்டார். பதறிப்போய், ஏன் பாய் வெட்டிட்டீங்க, கொஞ்சமாவது பிடிச்சுதே என்றேன்.

“இது இருக்கிறதைவிட இல்லாம இருக்கிறது நல்லது சார். இருக்குன்னு நம்பி அமுக்குவீங்க.”

அவர் அதைத் தத்துவமாகச் சொல்லவில்லை. சொல்லிவிட்டுப் பீடியைப் பற்றவைத்துக்கொண்டார். அந்த வாரம் முழுவதும் அந்த வார்த்தை என்னை விட்டுப் போகவில்லை.

ஷூ, கோன் செட், செயின் கிட், பின் டயர், ஸ்விட்ச், கூலி எல்லாம் சேர்த்து 3,700 ரூபாய் ஆயிற்று. என் வண்டிக்கான கேபிள் மட்டும் டவுனில் இல்லை, வியாழக்கிழமை வரும் என்றார். எனக்குச் சோதனைக்கு நேரம் கிடைத்திருந்தது திங்கட்கிழமை. பரவாயில்லை, பிரேக் இன்ஸ்பெக்டர் பிரேக்கை அமுக்குவார், ஃபெயிலாக்குவார், வெள்ளிக்கிழமை மறுபடி போகலாம் என்று கணக்குப் போட்டேன். அரசாங்கத்தின் மேல் எனக்கு அவ்வளவு நம்பிக்கை இருந்திருக்கிறது. இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

புகைச் சான்றிதழைப் பற்றி அதிகம் எழுத எதுவுமில்லை, நடந்ததே அவ்வளவுதான். என் வண்டியைப் போல 2009-இல் வந்த ஃபோர் ஸ்ட்ரோக் வண்டி நின்ற நிலையில் விடும் புகையில் கார்பன் மோனாக்சைடு 3.5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, ஹைட்ரோகார்பன் 4,500 பி.பி.எம்.மைத் தாண்டக் கூடாது. சைலன்சருக்குள் ஒரு குழாயை விட்டு அளக்க வேண்டும். பெட்ரோல் பங்க் ஓரம் நின்ற வேனில் இருந்த பையன் நம்பர் பிளேட்டைப் போட்டோ எடுத்தான். குழாய் சுருட்டி வைத்த இடத்திலேயே இருந்தது. அளவு மட்டும் வந்துவிட்டது. வண்டியை ஆஃப் பண்ணியிருக்கேனே தம்பி என்றேன். “அதான் சார் ரீடிங் நல்லா வந்திருக்கு” என்றான். சிரிக்கக்கூட இல்லை.

திங்கட்கிழமை காலை வரிசையில் நின்றேன். பின் பிரேக் ஒன்றையே நம்பி, 20 கிலோமீட்டர் வேகத்தில், மாட்டு வண்டிக்காரர்கள் ஹாரன் அடிக்காத குறையாக வந்து சேர்ந்திருந்தேன். ஓர் உதவியாளர் வந்தார். படிவம் 25-ஐ வாங்கினார். “யார் மூலமா வந்திருக்கீங்க?”

இந்தக் கேள்விக்குச் சரியான பதில் ஒரு பெயர் என்பது எனக்குத் தெரியும். நான் எங்கள் அப்பா அம்மா மூலமாகத்தான் வந்தேன் என்று சொல்லும் வயதைக் கடந்துவிட்டதால், நேராத்தான் வந்தேன் சார் என்றேன். அவர் பென்சிலை எடுத்தார். இடது கண்ணாடி இல்லை. சாரி கார்டு இல்லை. நம்பர் பிளேட் எழுத்து சாய்ந்திருக்கிறது. அடுத்த வண்டி.

மூன்றும் நியாயம். கோபத்தில் அதை மறைக்க மாட்டேன். கண்ணாடி இல்லாமல் இடது பக்கம் ஒடிப்பது தற்கொலை. பின் சக்கரத்தில் பாதிக்காவது மறைப்பு இருக்க வேண்டும் என்று விதி இருப்பது சேலையும் துப்பட்டாவும் சிக்கி உயிர் போகிற நாட்டில் அவசியமான விதி. நம்பர் பிளேட்டை அப்படி எழுத வைத்தது என் மகன். ஆனால் வண்டியின் மேல் யாருடைய கையும் படவில்லை. எழுதியது மூன்றும் பத்தடி தூரத்திலிருந்து தெரிகிற குறைகள். பாய் கண்டுபிடித்த ஏழெட்டில் ஒன்றுகூடப் பத்தடி தூரத்திலிருந்து தெரியாது.

வாசலில் டீக்கடை. டீக்கடைக்குப் பக்கத்தில் ஒரு பலகையில் கண்ணாடிகள், சாரி கார்டுகள், இண்டிகேட்டர்கள், முதலுதவிப் பெட்டிகள். விற்கிற கடை என்று நினைத்து விலை கேட்டேன். “விலைக்கா, வாடகைக்கா?” என்றான் 14-15 ஸ்பேனரைக் காதில் செருகியிருந்த பையன். கண்ணாடி 50 ரூபாய், சாரி கார்டு 100. இன்ஸ்பெக்ஷன் முடிந்து வெளியே வந்ததும் கழற்றிக்கொள்வான். லாரிக்காரர்கள் எஃப்.சி.க்கு வாடகை டயர் மாட்டிக்கொண்டு போவதைக் கேள்விப்பட்டிருக்கிறேன். என்னைப் போன்ற ஏழைகளுக்கும் அந்த வசதி வந்துவிட்டது என்பதை அன்றுதான் தெரிந்துகொண்டேன். கல்யாணத்துக்குக் கவரிங் நகை வாடகைக்கு எடுப்பதில்லையா, அது போல என்றார் டீ ஆற்றிக்கொண்டிருந்தவர். வாடகை நகை போட்ட பெண் வேகத்தடையில் தூக்கி எறியப்படுவதில்லை என்று சொல்ல நினைத்தேன். டீ ஆறிவிடும் என்று விட்டுவிட்டேன்.

புதன்கிழமை ஏஜென்ட் மூலமாகப் போனேன். ஆமாம், போனேன். இதை எழுதும் யோக்கியதை எனக்கு இருக்கிறதா என்று கேட்பவர்கள் கேட்கலாம். படிவத்தின் மூலையில் ஏஜென்ட் பென்சிலால் ஒரு எழுத்துப் போட்டார். அந்த எழுத்துக்கு இருந்த பிடிமானம் என் வண்டியின் எந்தப் பிரேக்குக்கும் இருந்ததில்லை. அதே உதவியாளர், அதே வண்டி. வாடகைக் கண்ணாடி வெயிலில் பளபளத்தது. இன்ஸ்பெக்டர் வந்தார். சேசிஸ் நம்பர் துருவில் மறைந்திருந்தது. உப்புத்தாளால் தேய்த்துத் தெரிய வைக்கச் சொல்லி, பென்சில் பிரிண்டோடு ஒவ்வொரு எழுத்தாக ஒத்துப் பார்த்தார். அந்தக் கவனத்தைப் பார்த்து எனக்கு மெய்சிலிர்த்தது. இந்த வண்டி இதே வண்டிதானா என்பதில் அரசாங்கத்துக்கு அவ்வளவு அக்கறை. நிற்குமா என்பதுதான் அதன் கவலையில் இல்லை. போட்டோ. “லைட் போடுங்க.” போட்டேன். “ஹாரன்.” அடித்தேன். கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்தார்.

என்னால் அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை. “சார், முன் பிரேக் இல்லை” என்றேன்.

ஏஜென்ட் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, பந்தியில் சாம்பாரில் பல்லி கிடக்கிறது என்று கத்தியவனைக் கல்யாண வீட்டுக்காரர் பார்க்கிற பார்வை அது. இன்ஸ்பெக்டர் நிதானமானவர். பேனாவை மூடவில்லை.

“பின்னாடி பிரேக் இருக்குல்ல?”

“இருக்கு சார்.”

“அப்புறம் என்ன? மெதுவாப் போங்க.”

கையெழுத்துப் போட்டுவிட்டு அடுத்த வண்டிக்குப் போய்விட்டார். பிரேக் பிடிக்கும்போது பாரமெல்லாம் முன் சக்கரத்துக்கு வருகிறது, நிறுத்தும் வேலையில் பெரும்பங்கு முன் பிரேக்குடையது, பின் பிரேக்கை மட்டும் இறுக்கினால் சக்கரம் வழுக்கி வண்டி பக்கவாட்டில் படுக்கும் என்பதெல்லாம் அவருக்குத் தெரியாதா? அதற்குத்தானே படித்துவிட்டு வந்திருக்கிறார். ஆனால் அன்றைக்கு அவர் முன்னால் லைசென்ஸுக்கு எட்டுப் போடுகிறவர்கள் ஒரு பக்கம், லாரிகள் ஒரு பக்கம், ஆட்டோக்கள் ஒரு பக்கம். ஒரு மனிதர் ஒரு காலைப் பொழுதில் அத்தனை வண்டியின் பிரேக்கையும் தொட முடியாது என்பது அவரை அங்கே நிறுத்தியவர்களுக்கும் தெரியும். ஆகவே யாரும் தொடுவதில்லை, ஆகவே யாரும் குற்றவாளி இல்லை, ஆகவே 1,000 ரூபாய்க்கு ரசீது உண்டு.

பார்க்காமல் போட்ட கையெழுத்து என்ன செய்யும் என்பது இந்த மாநிலத்துக்குத் தெரியாததல்ல. 2012 ஜூலையில் தாம்பரம் பக்கத்தில் பள்ளிப் பேருந்தின் தரையில் இருந்த ஓட்டை வழியாக இரண்டாம் வகுப்புக் குழந்தை ஒன்று ரோட்டில் விழுந்து, அதே பேருந்தின் பின் சக்கரத்தில் நசுங்கிச் செத்தது. குழந்தை விழும் அளவுக்கு ஓட்டை. அந்தப் பேருந்துக்கு எஃப்.சி. இருந்தது. அந்த ஓட்டையைக் கண்டுபிடிக்கக் கருவி வேண்டாம், படிப்பு வேண்டாம். படியில் ஏறி உள்ளே நாலடி நடந்திருந்தால் போதும். ஜனங்கள் பேருந்தைக் கொளுத்தினார்கள், உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து கேட்டது, அந்த வருடமே பள்ளிப் பேருந்துகளுக்கென்று தனியாக விதிகள் வந்தன. இப்போது ஒவ்வொரு கோடை விடுமுறையிலும் மைதானத்தில் பள்ளி வண்டிகளை வரிசையாக நிறுத்தி, அதிகாரிகள் ஏறி இறங்கும் படம் செய்தித்தாளில் வருகிறது. நல்லது. ஆனால் அந்தக் குழந்தையை அன்று காலை அனுப்பி வைத்த வீட்டில், அரசாங்கம் பார்த்த வண்டிதானே என்ற எண்ணம் ஓர் ஓரத்திலாவது இருந்திருக்காதா? சான்று இல்லாத பேருந்தாக இருந்தால் யாராவது ஒருவர் குனிந்து பார்த்திருப்பார்கள். இருக்குன்னு நம்பி அமுக்குவீங்க.

ரோட்டுக்கு எஃப்.சி. உண்டா என்ற பழைய கேலியை நான் எடுக்கப்போவதில்லை. அது தேய்ந்து மொட்டையாகிவிட்டது. ஒரு கணக்கை மட்டும் சொல்லிவிடுகிறேன். 2019 திருத்தத்தில் 198-ஏ என்று ஒரு பிரிவு சேர்த்தார்கள். ரோடு போட்டவரோ பராமரிக்கிறவரோ விதிப்படி செய்யாததால் ஒருவர் செத்தால் அல்லது ஊனமானால், அபராதம் ஒரு லட்சம் ரூபாய் வரை. ஹெல்மெட் போடாமல் போனால் 1,000. ஆக, ரோட்டால் ஓர் உயிர் போனால் அதிகபட்ச விலை நூறு ஹெல்மெட். 2022-இல் மட்டும் பள்ளங்களால் செத்தவர்கள் 1,856 பேர் என்பது மத்திய அரசே வெளியிட்ட கணக்கு. பெருக்கிப் பார்க்க வேண்டியவர்கள் பெருக்கிக்கொள்ளலாம்.

அதே ஆண்டு நாட்டில் சாலை விபத்தில் செத்த 1,68,491 பேரில் 74,897 பேர் இரு சக்கர வாகனத்தில் போனவர்கள். காரணம் என்ற கட்டத்தில் பத்தில் ஏழு சாவுக்கு எதிரே அதிவேகம் என்று எழுதியிருக்கிறது. அதிவேகம் வசதியான காரணம். செத்தவன் மறுத்துப் பேச மாட்டான். நிற்காத வண்டியும் வேகமாக வந்த வண்டியும் சுவரில் மோதிய பிறகு ஒரே மாதிரிதான் இருக்கும்.

பிரேக்கை யாரும் சோதிப்பதே இல்லை என்று நான் சொன்னால் அது அவதூறு. சோதிக்கிறார்கள். விபத்து நடந்த வண்டியைக் காவல் நிலைய வாசலுக்கு இழுத்து வந்து போட்டதும், பரிசோதித்து அறிக்கை தர மோட்டார் வாகன ஆய்வாளர்தான் வருகிறார். அப்போது பிரேக்கைப் பார்ப்பார். விபத்து இயந்திரக் கோளாறால் நேர்ந்ததல்ல என்ற வரி விபத்து வழக்குக் கட்டுகளில் எத்தனை முறை வருகிறது என்று வக்கீல்களைக் கேட்டுப் பாருங்கள். உயிரோடு இருக்கும்போது தொடாத பிரேக், ஆள் செத்த பிறகு தொடப்பட்டு, நல்ல பிரேக் என்று பெயர் வாங்குகிறது.

சட்டத்துக்கு இன்னொரு குறும்பு உண்டு. கோளாறுள்ள வண்டியை ஓட்டினால் 190-ஆம் பிரிவு. சாதாரணக் கவனம் செலுத்தியிருந்தால் தெரிந்திருக்கக்கூடிய கோளாறாக இருந்தால் போதும், ஓட்டியவர்தான் பொறுப்பு. 1,500 ரூபாய் வரை அபராதம், அதனால் யாருக்காவது காயம் பட்டால் மூன்று மாதம் வரை சிறை. ஆக, 100 சிசி வண்டி வைத்திருக்கிற எனக்குச் சாதாரணக் கவனம் கட்டாயம். அந்தக் கவனத்தையே உத்தியோகமாக வைத்திருக்கிறவர்களுக்கு அது விருப்பப் பாடம். நான் கீழே விழுந்து யார் காலாவது ஒடிந்திருந்தால், ‘முன் பிரேக் இல்லை என்று எனக்குத் தெரியும், அரசாங்க அதிகாரியிடமும் சொன்னேன், மெதுவாகப் போகச் சொன்னார்’ என்று கோர்ட்டில் நான் சொல்லும் வாக்குமூலம் என்னைத்தான் உள்ளே தள்ளும்.

அலுவலகத்தை விட்டு வெளியே வந்தேன். கேட்டைத் தாண்டி முழுசாக நான்கு அடிகூட வைக்கவில்லை, பையன் ஸ்பேனரோடு வந்துவிட்டான். இன்ஜினை அணைப்பதற்குள் கண்ணாடி கழன்றது. சாரி கார்டு கழன்றது. கேட்டுக்குள் நுழையக் காத்திருந்த இன்னொரு வண்டியில், நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, அந்தக் கண்ணாடி ஏறியது. அதன் சொந்தக்காரர் தலைமுடியைச் சரிசெய்துகொள்ள ஒருமுறை அதில் பார்த்துக்கொண்டார். அந்தக் கண்ணாடிக்கு அன்று கிடைத்த ஒரே நல்ல உபயோகம் அதுவாகத்தான் இருக்கும்.

வியாழக்கிழமை பாய் கேபிள் மாட்டினார். எண்ணெய் விட்டு, உறைக்குள் மேலும் கீழும் இழுத்துப் பார்த்து, லீவரில் விரல் அகலத்துக்குத் தளர்வு விட்டு நட்டைப் பூட்டினார். சக்கரத்தைச் சுற்றிவிட்டுப் பிரேக்கைப் பிடித்தார். மறுபடி சுற்றினார், காதைக் கொடுத்துக் கேட்டார், அரைத் திருகு தளர்த்தினார். என்னை உட்காரச் சொல்லாமல் தானே ஓட்டிக்கொண்டு தெருக்கோடி வரை போய், வரும்போது என் காலருகே ஒரு சாண் தள்ளி நிறுத்தினார். 160 ரூபாய் என்றார்.

பணத்தை வாங்கிக்கொண்டவர் ஹேண்டில்பாரின் இடது பக்கத்தைக் கவனித்தார். துரு ஏறியிருந்த மரைக்குள் புதிதாகக் கீறல் தெரிந்தது.

“கண்ணாடி மாட்டினீங்களா சார்?”

“மாட்டினேன் பாய்.”

“எங்க?”

“நேத்துலேர்ந்து இந்நேரம் இருபது வண்டியாவது மாறியிருக்கும்.”

பாய் ஒன்றும் சொல்லவில்லை. மரத்தடிப் பெட்டியைத் திறந்து ஒரு கண்ணாடியை எடுத்தார். “120. இது விலைக்கு” என்றார்.